கூப்பிட்டால் மூச்சு விடாதே

மீனம்மா தன் மகள் பூரணிக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளுக்கே எழுத்துத் தெரியாது. ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வாத்தியார் வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டால் மூச்சு விடக் கூடாது.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்படியும் ஒரு தாய் சொல்லிக் கொடுப்பாளா என்று கேட்கிறவர்கள், அந்த ஐம்பத்தேழாம் வருஷம் கந்தப்பளைப் பக்கம் இருந்திருக்க மாட்டார்கள். கப்பலில் வந்த காய்ச்சல் கொழும்பில் இறங்கி, ரயிலேறி, மலையேறி, தோட்டத்து ஜனங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாகப் புகுந்துகொண்டிருந்தது. கந்தப்பளைக் கடை முதலாளி ஜமால்தீன், "உலகம் பூராவும் இந்தக் காய்ச்சல்தானாம், ரேடியோவுல சொல்றாங்க" என்று ஏதோ பெருமை போலச் சொன்னார். "உலகத்துக்கு வந்தா டாக்டர் இருப்பாரு மொதலாளி, நமக்கு வந்தா யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு மீனம்மா கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வந்தாள்.

சின்னத்தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் இருந்தது மூன்று லயமும் ஒரு பள்ளிக்கூடமும். பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே கதவு, ஒரே வாத்தியார். காய்ச்சல் கண்ட பிள்ளைகளை லயத்திலேயே வைத்திருந்தால் எல்லோருக்கும் ஒட்டும், மலையில் கொழுந்து பறிக்க ஆள் இருக்காது என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டார். பள்ளிக்கூடத்தை மூடு, காய்ச்சல்காரப் பிள்ளைகளை அதற்குள்ளே போடு, பெற்றவர்கள் யாரும் கிட்டே போகக் கூடாது. துரைக்கு என்ன, வாய் இருந்தால் உத்தரவு வந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கொண்டு வர வேண்டியவர் நல்லமுத்து வாத்தியார். எல்லாப் பிள்ளையின் பெயரும் அவருக்குத்தானே தெரியும்? தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பின்னால் நிற்க, வாத்தியார் கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வாத்தியார் குரல் கேட்டால் பிள்ளைகள் தாமாக ஓடி வரும். வந்த பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். சுட்டால் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மீனம்மாவின் மூத்தவன் அழகன் அப்படித்தான் போனான். "வந்துட்டேன்யா" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான், பாவி மகன். பள்ளிக்கூடத்து மேட்டில் குறுக்கே கயிறு கட்டி ஒரு காவல்காரனை நிறுத்தியிருந்தார்கள். கஞ்சிச் செம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மீனம்மா "அழகா, அழகா" என்று கத்துவாள். முதலில் "அம்மா" என்று பதில் வந்தது. பிறகு இருமல் வந்தது. பிறகு அதுவும் இல்லை. ஒரு விடியலில் அவனைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் என்று முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை. பெற்றவள் வயிறு எரிய எரிய, நேரே புதைகாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

அவனைப் புதைத்த ஈரம் காயுமுன் பூரணியின் உடம்பு சுட்டது. பட்ட காலிலேதானே படும். மீனம்மா ஒரு நொடி யோசிக்கவில்லை. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா மூலையில் மிளாறுக் கட்டு சாத்தியிருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளையைத்தான் அங்கே மிளாறு என்பார்கள், லயத்து அடுப்புக்கு அதுதான் விறகு. அந்தக் கட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்தாள்.

"வாத்தியார் வந்து கூப்பிடுவாரு. நீ மூச்சு விடக் கூடாது. தெரியுதா?"

"இருமல் வந்தா?"

"துணியை வாயில திணிச்சுக்க. என்ன கூப்பிட்டாலும் சரி, எத்தனை தடவை கூப்பிட்டாலும் சரி. நான் வந்து கூப்பிட்டாத்தான் வெளியில வரணும்."

வாத்தியார் வந்தார். கூப்பிட்டார். பூரணி மூச்சு விடவில்லை. "புள்ள கீழ்க்கணக்குல எங்க நாத்தனார் வீட்டுல இருக்கா" என்று மீனம்மா கூசாமல் சொன்னாள். அவர் போய்விட்டார். கொத்தமல்லித் தண்ணீரும் மாரியாத்தா திருநீறுமாக, மிளாறுக் கட்டுக்குப் பின்னாலேயே கிடந்து பூரணி பிழைத்து எழுந்தாள். இப்போது சொல்லுங்கள், மீனம்மா சொல்லிக் கொடுத்தது தப்பா? லயத்துத் தாய்மார்கள் எவரும் தப்பென்று சொல்லவில்லை. அவளைப் பார்த்து எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக் கொடுத்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு காய்ச்சல் மெல்லத் தணிந்தது. பள்ளிக்கூடத்தைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துத் திறந்தார்கள். முதல் நாள் நடந்ததை ராசம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே சொன்னாள். லயத்தின் கடைசிக் காம்பராக்காரி அவள். புருஷன் இராமையா, மகன் சின்னராசா, நாலு வயது.

"கேட்டியா மீனம்மா, நாலஞ்சு புள்ளைங்கதான் போயிருக்கு. வாத்தியாரு பேரு கூப்பிட்டிருக்காரு. ஒண்ணுகூட வாயைத் தொறக்கலையாம்! எல்லாம் கல்லு மாதிரி ஒக்காந்திருக்குதுங்களாம். அவரு மூஞ்சி செத்துப் போச்சாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீனம்மாவும் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரே வந்துவிட்டார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். குடையை மடக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். மீனம்மா உட்காரச் சொல்லவில்லை. அவள் புருஷன் மாயாண்டிதான் சாக்கை உதறிப் போட்டு, "ஒக்காருங்கய்யா" என்றான்.

"புள்ளையை அனுப்பு மீனம்மா. காய்ச்சல் போயிருச்சு. வந்திருக்கிற புள்ளைங்க ராத்திரியில அலறுதுங்க, பகல்ல பேச மாட்டேங்குதுங்க. எல்லாம் ஒண்ணா ஒக்காந்து வெளையாடினாத்தான் அந்தப் பயம் போகும். இங்க இவ தனியா..."

"இவ தனியா இருந்ததாலதான் உசுரோட இருக்கா."

"அந்தக் கட்டடம் புடிக்கலைன்னா வெளியில புல்லுல வச்சுச் சொல்லித் தர்றேன். மழையின்னாத்தான் உள்ள. பள்ளிக்கூடத்துக் கதவையே கழட்டி எறிஞ்சிட்டேன். போய்ப் பாரு. இனிமே அதை யாரும் சாத்த முடியாது."

"கதவைக் கழட்டிட்டா என் புள்ள வந்துருவானா?"

வாத்தியார் குடைக் காம்பைப் பார்த்துக்கொண்டே, "உள்ள கடைசி வரைக்கும் அவன் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன் மீனம்மா" என்றார்.

"நான் புடிச்சிருக்க வேண்டிய கை அது!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது. "நீங்க எதுக்குப் புடிச்சீங்க? எந்திரிச்சுப் போங்க வாத்தியாரய்யா. நான் ஏதாவது சொல்லிரப் போறேன்."

அவர் போனார். மாயாண்டி மெல்ல, "அந்த மனுசன் என்ன பண்ணுவாரு, தொரை சொன்னதைத்தானே செஞ்சாரு. புள்ளையை அனுப்பு புள்ள. இங்க பூட்டி வச்சுட்டுப் போறது எனக்கு மனசுக்கு ஒப்பலை" என்றான். "உங்களுக்கு ஒப்ப வேணாம்" என்று அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சூடு கண்ட பூனையை அடுப்பண்டை கூப்பிட்டால் வருமா?

பூட்டித்தான் வைத்தாள். மீனம்மா மட்டுமல்ல, பாதி லயம் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைக் காய்ச்சலோடு மூடியது மூடியதுதான். அங்கிருந்த ஆயா காளியாயியும் காய்ச்சலில் போய்விட்டாள். விடியலில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது, பிள்ளையை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். வாத்தியார் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடக் கூடாதே என்று மீனம்மாவுக்கு அதிலே இரட்டைத் திருப்தி.

அன்றைக்கு விடாத மழை, ஊதல் காற்று. பூரணிக்கு இன்னும் இருமல் மிச்சமிருந்தது. குளிருமே என்று மீனம்மா அடுப்பை அணைக்கவில்லை. தணலைச் சாம்பல் போட்டு மூடிவிட்டாள். அடுப்புக்கு மேலே கயிற்றில் மாயாண்டி மழைக்குப் போர்த்தும் கம்பளி தொங்கியது. முந்தின நாள் மழையில் ஊறியது. அவன் அன்றைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கம்பளி தொங்காத காம்பரா அந்த மலையிலேயே கிடையாது. வேறு எங்கே காய வைப்பது?

"ரொட்டி தட்டுல இருக்கு. அடுப்புக்கிட்டப் போகாதே. யாராவது கூப்பிட்டா?"

"மூச்சு விட மாட்டேன்" என்றாள் பூரணி. இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்கிற மாதிரி.

பகல் கொழுந்து நிறுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. மீனம்மா தலையை நிமிர்த்தியபோது கீழே லயத்துக் கூரை புகைந்துகொண்டிருந்தது. லயம் புகைவது அதிசயமில்லை. ஆனால் எல்லோரும் மலையில் இருக்க, எந்த அடுப்பு இத்தனை புகையும்? பத்துக் காம்பராவுக்கும் தகரக் கூரை ஒன்றுதான். நடுச்சுவர் எதுவும் கூரைவரை எட்டாது. முதல் காம்பராவில் கருவாடு சுட்டால் கடைசிக் காம்பராவில் நாக்கு ஊறும். இப்போது கூரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுக்கெல்லாம் புகை வழிந்தது. எந்தக் காம்பரா என்று யார் சொல்வது?

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடையைக் கழற்றி எறிந்தாள். "ஏய், கொழுந்தைக் கொட்டிப்புட்டு எங்க ஓடுறவ?" என்று கங்காணி கத்தியது காதில் ஏறவில்லை. தேயிலைச் செடிகள் தொடையைக் கிழிக்கக் குறுக்கே விழுந்து ஓடினாள்.

வளைவைத் தாண்டும்போது கீழே வாத்தியார் தெரிந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருந்தார். பத்துக் கதவிலும் பூட்டு. அவர் மீனம்மாவின் கதவைத்தான் முதலில் தட்டினார்.

"பூரணி! உள்ள இருக்கியாம்மா? பூரணி! வாத்தியார் கூப்பிடுறேன், குரல் குடு! பூரணி!"

மேலிருந்து மீனம்மா அலறினாள். "உள்ளதான் இருக்கா! ஒடைங்கய்யா! கதவை ஒடைங்க!" காற்று எதிர்க்காற்று. அவள் சத்தம் அவளைத் தாண்டிப் போகவில்லை.

அவர் காதைக் கதவில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் கூப்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை. அந்த நேரத்தில் கடைசிக் காம்பராவுக்குள்ளிருந்து சின்னராசா வீறிட்டு அழுதான். காற்று புகையையெல்லாம் அந்தக் கோடிக்குத் தள்ளி, அங்கேதான் அடர்த்தியாகப் புகைந்தது. வாத்தியார் அங்கே ஓடினார். இதில் அவரைக் குற்றம் சொல்ல நாக்கு வருமா? அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு, பேசாத கதவை யார் உடைப்பார்கள்?

மீனம்மா வாசலுக்கு வந்து விழுந்தபோது முந்தானை முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்தாள். "பூரணி, அம்மா வந்துட்டேன்டி! அம்மா கூப்பிடுறேன்! வெளிய வாடி!" சின்னராசாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாத்தியார் திரும்பி வந்தார். "நான் கூப்பிட்டேனே மீனம்மா, அத்தனை தடவை கூப்பிட்டேனே, உள்ள யாருமில்..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுக் கதவை உதைத்தார்.

நெருப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரக் கம்பளி எரியாது, கருகிக் கருகிப் புகையும். கயிறு அறுந்து கம்பளி தணலில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். மிளாறுக் கட்டுக்குப் பின்னால், போன தடவை படுத்திருந்த அதே இடத்தில், பூரணி சுருண்டு கிடந்தாள். வாயில் துணியைத் திணித்திருந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாத்தியார்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். டிஸ்பென்சர் வந்து பார்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நுவரெலியாவுக்குக் கொண்டு போக லொறிக்குச் சொல்லி அனுப்பினார். லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போயிருந்தது. திரும்பி வரக் காத்திருந்தார்கள்.

இந்தத் தடவை மீனம்மாவை யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தியில் பூரணி கண் திறந்தாள். தொண்டையில் குரல் இல்லை, காற்றுத்தான் வந்தது. மீனம்மா காதைக் கிட்டே கொண்டு போனாள்.

"வாத்தியார் வந்தாரும்மா."

"ம்."

"எத்தனையோ தடவை கூப்பிட்டாரு. நான் மூச்சு விடலை."

சொல்லிவிட்டு அம்மா முகத்தையே பார்த்தாள். பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். மீனம்மா என்ன சொல்வாள்? தாயே, எந்தத் தாய்க்கும் அந்த நேரம் வர வேண்டாம். "நல்ல புள்ள" என்றாள். "என் தங்கம். அம்மா சொன்னதைக் கேக்குற புள்ள." பிள்ளையின் உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. லொறியின் சத்தம் மேட்டில் கேட்டபோது மீனம்மா பிடித்திருந்த கை சில்லிட்டிருந்தது.

அழகனுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். மாயாண்டி அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு நன்றாயிருக்கும். உடைந்த கதவிலிருந்து பூட்டைக் கழற்றிக் கொண்டு போய்ப் பள்ளத்தில் எறிந்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ராசம்மா சின்னராசாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நடந்தாள். மீனம்மாவின் கண்ணில் பட்டால் பொறுக்காதே என்று நினைத்தாள். மற்ற வீடுகளில் மட்டும் என்ன மாறியது? கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் கதவுகள் பூட்டித்தான் கிடந்தன. வயிறு இருக்கிறதே. இப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பூட்டினார்கள், அவ்வளவு வித்தியாசம்தான்.

அதைப் பார்த்த அன்றைக்கு மீனம்மா வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்து மேட்டில் ஏறினாள். கயிறு கட்டியிருந்த இடத்தில் கால் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள். கதவில்லாத வாசலில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். உள்ளே நாலு பிள்ளைகள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறாள் என்றே நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வதாகத்தான் நின்றார்.

"வாங்கய்யா, லயத்துக்குப் போவோம்."

"எதுக்கு மீனம்மா?"

"நீங்க கூப்பிடணும். நான் கூப்பிட்டா எல்லாப் புள்ளையும் வரும். உங்க குரலுக்குத்தான் வராது. நாங்க அப்படிச் சொல்லி வச்சிருக்கோம்."

வாத்தியார் புரிந்துகொண்டார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். காய்ச்சல் காலத்தில் டிஸ்பென்சர் நின்ற இடத்தில் இப்போது மீனம்மா நின்றாள். ஒவ்வொரு கதவாகத் தட்டி வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வராத கதவில் அவள் வாயை வைத்து, "பூரணி அம்மா சொல்றேன். நான் சொல்லிக் குடுத்தது தப்பு. குரல் குடு கண்ணு" என்பாள். சிலது அழுதுகொண்டே குரல் கொடுத்தன. குரல் கொடுத்த பிள்ளையின் பெயரை வாத்தியார் இன்னொரு தடவை கூப்பிடுவார், அது இன்னொரு தடவை குரல் கொடுக்கும்.

மூன்றாம் லயத்தில் ஒரு கதவு மட்டும் அசையவில்லை. மூக்கனுடைய மகள் லெட்சுமி, பூரணியோடு சோறாக்கி விளையாடிய பிள்ளை. உள்ளே இருப்பது தெரியும். தட்டியதும் ஏதோ சரசரத்துவிட்டு நின்றது.

"லெட்சுமி" என்றார் வாத்தியார். "லெட்சுமி, ஐயா கூப்பிடுறேம்மா. லெட்சுமி..."

அன்றைக்கும் இப்படித்தானே ஒரு கதவுக்கு முன்னால் நின்றார்? தூணைப் பிடித்துக்கொண்டு, "போதும் மீனம்மா. என்னால முடியலை" என்றார்.

"கூப்பிடுங்கய்யா."

"வேணாம். நாளைக்கு வருவோம்."

"அன்னைக்கு நீங்க நிறுத்திட்டீங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா இன்னைக்கு நிறுத்தக் கூடாது. அவ குரல் குடுக்குற வரைக்கும் கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார். மழை வலுத்தது. குரல் கம்மிப் போகும்வரை கூப்பிட்டார். மீனம்மா கதவோரம் ஈரத்திலேயே உட்கார்ந்து, பலகையில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் உள்ளேயிருந்து, எதையோ வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசுவது போல, ஒரு சின்னக் குரல் வந்தது.

"இங்கதான்யா இருக்கேன்."

தன் பிள்ளைகள் இரண்டுக்கும் அழாத அழுகையை மீனம்மா அப்போதுதான் அழுதாள்.